மண்வெட்டி எப்படி மம்முட்டி ஆனது, ஆங்கிலத்துக்குள் எப்படிப் போனது

கேட்டவருக்கு மூன்று சந்தேகங்கள். ஊரில் மம்பட்டி, மம்முட்டி, மம்மட்டி என்று பலவிதமாகச் சொல்லும் கருவிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? அரசு டெண்டர்களிலும் இலங்கையின் ஆங்கிலப் பத்திரிகைகளிலும் இதையே 'மமோட்டி' என்று ஆங்கில எழுத்தில் போடுகிறார்களே, அந்த ஆங்கிலச் சொல்லைத்தான் நம் ஆட்கள் மம்முட்டி ஆக்கிக்கொண்டார்களா? மலையாள நடிகர் மம்மூட்டியின் பெயருக்கும் இதற்கும் உறவு உண்டா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இது ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்த சொல் அல்ல. நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அதுவும் ஏட்டிலிருந்து போகவில்லை, மண் வெட்டியவர்களின் வாயிலிருந்து போனது. அதற்கான தடயம் ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே இருக்கிறது.

முதலில் சொல் எப்படி அமைந்தது என்று பார்ப்போம். மண் + வெட்டு + இ. கடைசியில் உள்ள 'இ' தமிழில் அதிகம் உழைக்கிற ஒரு விகுதி. செய்கிற ஆளையும் காட்டும், செய்ய உதவும் கருவியையும் காட்டும், பறவைக்கும் பெயராகும். விறகுவெட்டி ஆள். பாக்குவெட்டி கருவி. மீன்கொத்தியும் மரங்கொத்தியும் பறவைகள். இந்த வரிசையில் மண்வெட்டி கருவி. எது, என்ன செய்யப்படுகிறது என்ற இரண்டும் பெயருக்குள்ளேயே இருப்பதால் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இவ்வளவு தெளிவான பெயர், பேச்சில் ஏன் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியது?

அதற்குக் காரணம் சோம்பல் அல்ல, கொச்சை அல்ல. பேச்சுத் தமிழுக்கென்று இருக்கும் ஒலி ஒழுங்குகள்தான். மண்வெட்டியில் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து நடந்திருக்கின்றன.

முதல் மாற்றம் 'ண்வ' என்ற இடத்தில். 'ண்' சொல்ல நாக்கு மேலண்ணத்தை நோக்கி வளைய வேண்டும். 'வ' உதட்டு வேலை. வேகமாகப் பேசும்போது நாக்கு வளையாமல் உதடே இரண்டு வேலையையும் பார்த்துவிடும். ண் போய் ம் வரும். பெண்பிள்ளை பொம்பளை ஆனதும், ஆண்பிள்ளை ஆம்பளை ஆனதும் இதே வழியில்தான். 'ம்' வந்த பிறகு அடுத்து நிற்கும் 'வ' அப்படியே இருக்காது. சில ஊர்களில் அது 'ப' ஆகி மம்பெட்டி, மம்பட்டி என்று வரும். மற்ற ஊர்களில் பக்கத்து ம்-ஐப் பார்த்து தானும் 'ம' ஆகிவிடும்: மம்மெட்டி, மம்மட்டி. வானத்தை "மானம் இருட்டிக்கிட்டு வருது" என்று கிராமத்தில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வ, ம ஆவது நமக்குப் பழக்கமான பாதைதான்.

இரண்டாவது மாற்றம் உயிரெழுத்தில். முன்னால் ப, ம, வ போன்ற உதட்டெழுத்து, பின்னால் ட, ண, ள போல நாக்கை வளைக்கும் எழுத்து, நடுவில் இ அல்லது எ. இந்த அமைப்பு வந்தால் பேச்சில் அந்த உயிர் குவிந்துவிடும். பிடி புடி ஆகும். பிள்ளை புள்ளை, பெண் பொண்ணு, பெட்டி பொட்டி, வீடு வூடு. மண்வெட்டியில் வெட்டு என்ற பகுதியைப் பாருங்கள். முன்னால் வ, பின்னால் ட்ட, நடுவில் எ. விதி அப்படியே பொருந்துகிறது. மம்மெட்டி, மம்மொட்டி, மம்முட்டி. எ குவியாமல் தளர்ந்த ஊர்களில் மம்மட்டி. ஆகவே மம்பட்டிக்காரர்களும் மம்முட்டிக்காரர்களும் ஒருவரை ஒருவர் திருத்த வேண்டியதில்லை. இரண்டுமே ஒழுங்கான வழியில் வந்த வடிவங்கள்தான்.

இதே விதி இந்தக் கருவியின் பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் நிற்கிறது. வைகையில் வெள்ளம் வந்து, வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட, ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சிவனே கூலியாளாக வந்து பிட்டுக்கு மண் சுமந்த கதை எல்லாருக்கும் தெரியும். மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் சாமி மண்வெட்டியோடும் கூடையோடும் எழுந்தருள்வார். அந்த விழா நடக்கும் இடத்தின் பெயர் புட்டுத்தோப்பு. பிட்டு புட்டானது பேச்சில். அந்தப் பேச்சு வடிவமே ஊர்ப்பெயராகப் பலகையில் ஏறிவிட்டது. மண்வெட்டிக்கு அந்த இடம் தமிழ் எழுத்தில் கிடைக்கவில்லை, ஆங்கில எழுத்தில் கிடைத்தது.

சரி, ஆங்கிலக் கதைக்கு வருவோம். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் அன்றாடம் புழங்கிய இந்தியச் சொற்களைத் தொகுத்து ஹென்றி யூல், ஏ.சி. பர்னெல் என்ற இருவர் செய்த பெரிய அகராதி 'ஹாப்சன்-ஜாப்சன்'. 1886-ல் வெளிவந்தது, 1903-ல் வில்லியம் குருக் விரிவாக்கினார். அதில் மமூட்டி, மமோட்டி, மொமட்டி என்று மூன்று எழுத்துக்கூட்டல்களோடு இந்தச் சொல் இருக்கிறது. தமிழ் 'மண்வெட்டி'தான் மூலம் என்று அந்த அகராதியே தெளிவாகச் சொல்கிறது. அதைவிட முக்கியமான ஒரு செய்தியையும் தருகிறது: மக்கள் பேச்சில் இந்தச் சொல் தமிழ்ப் பகுதிகளுக்குள்தான் வழங்குகிறது, ஆனால் இந்தியா முழுவதிலும் இராணுவத் தளவாடப் பட்டியலில் இது நிலைபெற்ற பெயர்.

அந்த மூன்று எழுத்துக்கூட்டல்களையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மண்வெட்டி என்ற எழுத்து வடிவத்தைப் பார்த்து எழுதியிருந்தால் ஒரு 'ண்' ஒலியாவது, ஒரு 'வ' ஆவது எங்காவது எட்டிப் பார்க்கும். எதிலும் இல்லை. இருப்பவை ம, ம, ட்டி; நடுவில் முதல் இரண்டில் குவிந்த உயிர், மூன்றாவதில் தளர்ந்த அ. அதாவது நான் மேலே சொன்ன இரண்டு மாற்றங்களும் முடிந்த பிறகு இருக்கும் வடிவம். அதே அகராதியில், சென்னை கவர்னராக இருந்த மெக்கார்ட்னி பிரபு 1782-ல் எழுதிய ஒரு கடிதத்திலிருந்து ஒரு வரி இருக்கிறது. சிப்பாய்கள் பதுங்குகுழி வெட்டுவது போலப் பாவனை காட்ட உத்தரவிடப்பட்டதைச் சொல்லும் வரி. அதில் கருவியின் பெயரை 'மமுட்டி' என்று படிக்கும்படிதான் எழுதியிருக்கிறார்கள். இன்று வட்டாரக் கொச்சை என்று சிலர் முகம் சுளிக்கும் வடிவம் 240 ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் வாயில் இருந்தது என்பதற்கு, ஆங்கில அதிகாரி ஒருவர் காதால் கேட்டு எழுதிய எழுத்தே சாட்சி. நம் பேச்சு மொழியின் வரலாற்றைத் தேட இப்படிப்பட்ட பட்டியல்களும் கடிதங்களும் எவ்வளவு உதவுகின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. எழுதத் தெரியாத ஆட்களின் உச்சரிப்பு அங்கே பதிவாகிக் கிடக்கிறது.

1782 என்ற ஆண்டையும் கவனியுங்கள். ஐதர் அலியோடு கிழக்கிந்தியக் கம்பெனி இரண்டாம் மைசூர்ப் போரில் மாட்டிக்கொண்டிருந்த சமயம். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 1780 செப்டம்பரில், சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் பயனியர்கள் என்ற பெயரில் இரண்டு படைப்பிரிவுகள் திரட்டப்பட்டன. படைக்கு முன்னால் போய்ப் பாதை வெட்டுவது, அகழி தோண்டுவது, மண்ணரண் எழுப்புவது இவர்கள் வேலை. இன்று பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் தொடக்கம் அதுதான். இந்தப் படையினருக்கு 'தம்பி' என்ற பட்டப்பெயர் இன்றும் நிற்கிறது. தம்பிகள் கையில் இருந்த கருவி மம்முட்டி. அதிகாரி அதற்கு என்ன பெயர் எழுதுவார்? சென்னைப் படையும் அதன் பயனியர்களும் மைசூருக்குப் போனார்கள், பின்னால் பர்மாவுக்கும் போனார்கள். பட்டியலும் கூடவே போனது. வடக்கே இதே மாதிரிக் கருவிக்கு ஃபாவ்டா, குதால் என்று சொந்தப் பெயர்கள் இருந்தும் தளவாடக் கிடங்கில் தமிழ்ப் பெயர் ஏறியது இப்படித்தான் என்பது என் கணிப்பு.

ஆங்கிலத்தில் ஸ்பேடு இருக்கிறதே, அதையே எழுதியிருக்கலாமே என்று தோன்றலாம். எழுத முடியாது, ஏனென்றால் இது வேறு கருவி. ஸ்பேடின் அலகும் காம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். காலால் மிதித்து மண்ணுக்குள் இறக்கி, நெம்பித் தூக்கி, எதிர்ப்பக்கம் எறிய வேண்டும். அதற்குக் காலில் பூட்ஸ் வேண்டும். நம் மண்வெட்டியில் அலகு காம்போடு செங்கோணத்துக்கும் குறைவான கோணத்தில், வெட்டுகிறவரைப் பார்த்து மடிந்து நிற்கும். ஓங்கி வெட்டுவது பாதி வேலை. தன்னை நோக்கி இழுப்பது மீதி. வெறுங்காலோடு சேற்றில் நின்று செய்யலாம். வெட்டிய மண் காலடிக்கு வந்து சேரும், அங்கே சாய்த்து வைத்த கூடையிலோ தட்டிலோ அப்படியே இழுத்துவிடலாம். ஒருவர் வெட்டி நிரப்ப, இன்னொருவர் சுமந்து போக என்று ஏரிக்கரை போடும் வேலை முழுவதும் இந்த அமைப்பை நம்பித்தான் நடந்தது. ஆங்கிலேயரின் களைக்கொத்து இதற்கு உருவத்தில் நெருங்கியது, ஆனால் அதன் அலகு சிறியது, மண்ணை அள்ளாது. அதனால்தான் ஹாப்சன்-ஜாப்சனும் இதை விளக்கும்போது, இது ஸ்பேடு வடிவமல்ல என்பதைத் தனியாகச் சொல்கிறது.

நெல் வயலில் பார்த்தால் இந்தக் கோணத்தின் அருமை தெரியும். நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கவாட்டைச் சீவிப் புல்லைக் கழிக்க வேண்டும். நண்டு வளை, எலி வளையை வெட்டி அடைக்க வேண்டும். பிறகு வயல் சேற்றையே அள்ளி வரப்பின் மேல் அப்பி, அலகின் முதுகால் தடவி மெழுகிவிட வேண்டும். சீவுவது, வெட்டுவது, அள்ளுவது, பூசுவது எல்லாம் ஒரே கருவி. தண்ணீர் பாய்ச்சும்போது மடையைத் திறக்க ஒரு வெட்டு, அடைக்க இரண்டு இழுப்பு. பம்புசெட் ஓடும் இரவில் டார்ச் லைட்டும் தோளில் மண்வெட்டியுமாக வாய்க்கால் ஓரம் போகிறவரை இன்றும் பார்க்கலாம். டிராக்டரும் ஜேசிபியும் வந்த பிறகும் இந்த வேலைகள் அவற்றின் கைக்கு அகப்படவில்லை.

காம்பை 'கணை' என்பார்கள், சில இடங்களில் பிடி. கருவேலம், புளி, மூங்கில் என்று கிடைப்பதை வைத்துப் போடுவார்கள். அலகின் காதுக்குள் கணையை இறக்கி ஆப்பு அடித்து இறுக்குவது. ஆடினால் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவைத்தால் மரம் ஊறிப் பிடித்துக்கொள்ளும். அலகு ஒரு காலத்தில் ஊர்க் கொல்லர் பட்டறையில் அடித்தது. பிற்பாடு ஆலைச் சரக்கு வந்தது. இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் நகரத்தின் சில்லிங்டன் கம்பெனி முதலை முத்திரையோடு வெப்பநாடுகளுக்கென்றே இந்த வகை அலகுகளைச் செய்து அனுப்பியது. இந்தியாவில் ஜாம்ஷெட்பூரின் டாடா அக்ரிகோ வந்தது.

இலங்கைக்கு இந்தச் சொல் போன கதை தனி. 1796-ல் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றியது கிழக்கிந்தியக் கம்பெனி. முதலில் ஆட்சியும் சென்னையிலிருந்துதான். 1802-ல்தான் அது முழுமையாகப் பிரிட்டிஷ் மன்னரின் குடியேற்ற நாடானது. அதாவது இலங்கையில் ஆங்கில நிர்வாகம் தன் முதல் சொற்களைச் சென்னை அலுவலகத்திலிருந்து கொண்டுவந்தது. அப்புறம் 1820களில் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் மலைப்பாதை, 1830களிலிருந்து காப்பித் தோட்டங்கள், காப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலை. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து போன தொழிலாளர்கள். தோட்டத்தில் இன்றும் கான் வெட்டு என்பார்கள், சரிவில் மழைநீர் வடிய வாய்க்கால் வெட்டும் வேலை, அதற்கு மண்வெட்டி. சிங்களத்தில் இதற்கு 'உதெல்ல' என்று நல்ல சொல் உண்டு, நாட்டில் பெரும்பான்மையோர் பேசுவதும் அதுதான். இருந்தும் இலங்கை ஆங்கிலத்தில் நிலைத்தது தமிழ்ச் சொல். கண்டியிலோ காலியிலோ ஒரு சிங்களவர் ஆங்கிலத்தில் பேசும்போது 'மமோட்டி' என்பார், பலருக்கு அது தமிழ் என்பதே தெரியாது.

இதன் பக்கத்திலேயே எதிர்த்திசையில் வந்த ஒரு சொல்லும் நிற்கிறது. நாம் கடப்பாரை என்பதை ஈழத்தில் அலவாங்கு என்பார்கள். போர்த்துக்கேயரின் 'அலவாங்கா', நெம்புகோல். அது தமிழாகி, பிறகு இலங்கை ஆங்கிலத்திலும் 'அலவாங்கோ' என்று ஏறியது. ஆக ஒரு இலங்கை ஒப்பந்தக்காரரின் ஆங்கிலப் பட்டியலில் மமோட்டியும் அலவாங்கோவும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டும் ஆங்கிலம் அல்ல, ஒன்று தமிழ், மற்றது போர்த்துக்கீசியம். மண்ணை வெட்டக் கையைக் கொடுத்தவர்கள் யார், அந்த நாட்டை ஆண்டவர்கள் யார் யார் என்பதை அந்த இரண்டு வரிகளே சொல்லிவிடும். மலாயாவில் வேறு மாதிரி நடந்தது. அங்கும் ரப்பர் தோட்டங்களில் வெட்டியவர்கள் ஏராளமான தமிழர்கள்தான், ஆனால் ஆங்கிலத்தில் ஏறியது மலாய்ச் சொல்லான 'சங்குல்'. சிங்கப்பூர் இராணுவத்தில் இன்றும் அதுதான் பெயர்.

மண்வெட்டியோடு குழப்பிக்கொள்ளும் மற்றக் கருவிகளையும் சொல்லிவிடுகிறேன். குந்தாலி, இரண்டு பக்கமும் நீண்ட கூர்முனைக் கருவி, கல்லும் சரளையும் கலந்த தரைக்கு. வடமொழி, பாலி மொழிகளின் 'குத்தாலம்', கன்னடத்தின் 'குத்தலி', இந்தியின் 'குதால்' எல்லாம் இதன் உறவினர். புத்த ஜாதகக் கதைகளில் ஒன்றின் பெயரே குத்தால ஜாதகம். துறவு பூண்ட தோட்டக்காரர் ஒருவர், தன் கருவியின் மீதான ஆசையால் திரும்பத் திரும்ப வீட்டுக்கு ஓடி வந்து, கடைசியில் அதை ஆற்றில் வீசி எறிந்துவிட்டு வென்றேன் என்று கத்துகிற கதை. நிலத்தில் உழைத்தவர்களுக்கு அந்தப் பற்று உடனே புரியும். சங்கப் பாடல்களில் வறண்ட நிலத்தில் கிணறு தோண்டும் கருவி கணிச்சி. அந்தப் பெயர் இன்று பேச்சில் இல்லை. களைக்கொத்து, களைக்கொட்டு சிறியவை, ஒரு கையால் பிடிப்பவை. திருநாவுக்கரசர் கையில் இருக்கும் உழவாரம் புல் செதுக்குவது. கோயில் பிரகாரங்களில் அவர் அதைக்கொண்டு செய்த தொண்டால்தான் இன்றும் கோயிலைச் சுத்தம் செய்யும் வேலைக்கு உழவாரப்பணி என்று பெயர். மலையாளத்தில் மண்வெட்டி என்ற சொல்லும் உண்டு, தூம்பா, கைக்கோட்டு என்ற பெயர்களும் உண்டு. தெலுங்கில் பார. நம் கடப்பாரையில் இருக்கும் பாரையோடு சேர்த்துக் குழம்ப வேண்டாம், தெலுங்கர் 'பார' என்றால் மண்வெட்டிதான்.

எழுதும்போது எந்த வடிவத்தை எழுதலாம் என்று சிலர் கேட்பதுண்டு. பாடம், செய்தி, விளக்கம் என்றால் மண்வெட்டி. கதையில் ஒரு விவசாயி பேசுகிறார் என்றால் அவர் ஊர் எதுவோ அந்த வடிவம். ஓர் ஊர் ஆளை மம்முட்டி என்று பேசவைத்துவிட்டு, இரண்டு பக்கம் தள்ளி அவரையே மம்பட்டி என்று சொல்லவைத்தால் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். டெண்டரில் ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால் 'மமோட்டி' என்றே எழுதுங்கள், ஸ்பேடு என்று போட்டால் கடைக்காரர் நேர்க்காம்புக் கருவியைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

கடைசியாக நடிகர் பெயர். மம்மூட்டியின் இயற்பெயர் முகம்மது குட்டி. கேரளத்து முஸ்லிம்கள் பேச்சில் முகம்மது என்பது மம்மது, மம்மு என்று சுருங்கும். அதோடு குட்டி சேர்ந்து மம்மூட்டி. கருவியின் பெயரோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், சொல்லுக்குச் சொல் எந்த உறவும் இல்லை.